சொட்டை நிரப்பியது: அ

லில்லி ஸ்கூட்டர் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்திருக்கும் மணவாளன் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால் யோசிக்கிறேன் என்பார். உண்மையில் பயம். நில அளவைத் துறையில் இருபத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தவர் அவர். அந்த நிலையத்தின் ஒரே உதவியாளர் லில்லி. வாய் மட்டும் இரண்டு பேருக்கு இருக்கும்.

அன்று காலை தவளக்குப்பம் சந்திப்பில் அந்த வாயும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மார்கழியில் ஒரு சாயங்காலம் அன்புராஜ் என்ற இருபத்தாறு வயதுப் பையன் லாரியில் அடிபட்டுச் செத்த இடம் அது. தார் ரோட்டில் ஒரு அடையாளமும் மிச்சமில்லை. பக்கத்தில் பூக்காரம்மா அவள் பாட்டுக்குச் சாமந்தியை முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவனுடைய அம்மா மணியம்மாள்தான் இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள். பூரணாங்குப்பத்தில் நடவு வேலை, களையெடுப்பு என்று போகிறவள். புருஷன் ஆதிமூலம் செத்துப் பல வருஷம் ஆகிறது. இருந்தது ஒரே பிள்ளை. முந்தாநாள் அவள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து, மேஜைமேல் ஒரு பை முருங்கைக்காயை வைத்தாள். கேஸ் முடிகிறவரைக்கும் சாம்பாருக்குக் கவலை இல்லை என்று லில்லி முணுமுணுத்தாள். மணியம்மாள் அடுத்ததாக எடுத்து நீட்டிய கடிதத்தைப் படித்ததும் அப்படிச் சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தென்கரைப் பயிர் ஆய்வு மையத்தின் கடிதம் அது. அவன் செத்த அன்று கையெழுத்தாகி, மறுநாள் தபாலில் வந்தது. களப் பணியாளர் ஆ. அன்புராஜ், தரவு மோசடியில் ஈடுபட்டதாக விசாரணையில் ஒப்புக்கொண்டபடியால் பணிநீக்கம் செய்யப்படுகிறார். அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத மணியம்மாள் அதை மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். தரவு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. மோசடி தெரிந்திருக்கிறது. மையத்து விதையை உன் பிள்ளை திருடி வெளியே விற்றுவிட்டான்போல என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சு. திருடியவன் மாட்டிக்கொண்டதும் தானே லாரியில் போய் விழுந்தான் என்று அதற்குக் காலும் முளைத்துவிட்டது.

"எம்புள்ள திருடனா இல்லியா, அத மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வாணாம். மையத்துலேர்ந்து அவன் திருடலன்னு ஒரு காயிதம் வந்தா அவன் போட்டோகிட்ட வெப்பேன்" என்றாள் மணியம்மாள்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த பொருட்களைப் பற்றியும் போகிறபோக்கில் சொன்னாள். உடைந்த போன், பர்ஸ், அவளுக்கு அவன் வாங்கிவந்த பி.பி. மாத்திரை ஒரு மாதத்துக்கு. மணவாளன் மாத்திரையை மட்டும் டைரியில் குறித்துக்கொண்டார். ஏன் என்று லில்லி கேட்டதற்கு, எழுதி வைத்தால் சோறா கேட்கப்போகிறது என்றார்.

ஆய்வு மையத்தின் வராந்தாவில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தார்கள். நித்யகல்யாணிச் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து, உப்புத் தண்ணீரில் நிற்கும் நெல், கரும்புச் சக்கையில் செய்த தட்டும் குவளையும். அந்தச் சக்கைக் குவளையிலேயே டீயும் வந்தது. இனி சர்க்கரை போடவே தேவையில்லை சார், கப்பை நக்கினால் போதும் என்று லில்லி சொல்லி முடிப்பதற்குள் டீ அடியில் கசிந்து அவள் சுடிதாரில் இறங்கியது.

உள்ளே டாக்டர் ஜெயசுதா இருந்தார். மருத்துவ டாக்டர் இல்லை, பயிர் டாக்டர். நெல் ஆராய்ச்சி முழுக்க அவர் பொறுப்பு. முதலில் பேசவே மறுத்தார். செத்துப்போன பையனை மறுபடியும் இழுக்க வேண்டாம் என்றார். அவங்கம்மா கேட்கிறாங்க என்று மணவாளன் சொன்னதும் நாற்காலியைக் காட்டினார்.

கதை சின்னதுதான். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. உப்பைத் தாங்கும் புதிய நெல் ஒன்றை மையம் உருவாக்கி அதற்கு தெ-9 என்று பெயர் வைத்தது. முந்தின வருஷம் சம்பாவில், பூரணாங்குப்பத்தில் குழந்தைவேல் என்ற விவசாயியின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கிப் பாத்தி பிரித்து நட்டுப் பார்த்தார்கள். வயலுக்கு வேலி, வேலிக்குப் பூட்டு, சாவி அன்புராஜ் கையில். பயிர் தளதளவென்று நின்றது. அதை நம்பி இந்த வருஷம் நாற்பது விவசாயிகளுக்கு விதை கொடுத்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் நாற்பது பேர் வயலும் கருகிவிட்டது.

எப்படி என்று தேடும்போதுதான், முந்தின வருஷ வயலிலிருந்து வேரோடு பிடுங்கி மாதிரிக்கு வைத்திருந்த கட்டைப் பிரித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வேறு நெல். பக்கத்து வயல்களில் காலங்காலமாகப் போடும், உப்பைக் கொஞ்சம் தாங்குகிற பழைய ரகம். தெ-9 செத்துச் சொட்டை விழுந்த இடத்தில் எல்லாம் யாரோ அதை நட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

"அன்புராஜோட களக்குறிப்பு நோட்டுல ஒரு வரி இருந்துச்சு" என்று ஜெயசுதா நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

புரட்டாசி மாதத் தேதி ஒன்று. கீழே நீல மையில் குண்டு குண்டான எழுத்து. சொட்டை நிரப்பியது: அ.

விசாரணைக் குழு கேட்டது இரண்டே கேள்வி. இது உன் கையெழுத்தா? ஆமாம் சார். இந்த 'அ' நீதானே? அதற்கு அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, ஆமாம் சார், நான்தான் என்றான். ஆராய்ச்சி வெற்றி பெற்றால் அவனுக்கு வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு இருந்தது. அதற்காகச் செய்துவிட்டான் என்று குழு எழுதி முடித்தது. அன்று சாயங்காலமே அவன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான்.

மணவாளன் அந்தக் காய்ந்த கட்டைக் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வேர்ப்பக்கத்தை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். லில்லிக்குக் கொட்டாவி வந்தது. பிறகு மேலிருந்து எடுத்த வயல் படம் இருக்கிறதா என்றார். கம்ப்யூட்டரில் காட்டினார்கள். திரையில் ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஏதோ பட்டா தகராறு தீர்க்கிறவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் மையத்தில் நாற்று எப்படி நடுவீர்கள் என்று கேட்டார். கயிறு கட்டி, அதில் முடிச்சுக்கு முடிச்சு அளந்து, குத்துக்கு ஒரே ஒரு நாற்று என்றார் ஜெயசுதா. அதை எல்லா ஊருக்கும் போய்க் கற்றுக்கொடுத்ததே அன்புராஜ்தான்.

"தெ-9 எல்லாம் குத்துக்கு ஒண்ணுதான் இருக்கு. இந்த வேத்து நெல் மட்டும் குத்துக்கு மூணு, சிலதுல நாலு. கயித்து வரிசையிலயும் இல்ல, விரக்கடை தள்ளித் தள்ளி நிக்குது. ஊர்ல நடவு ஆளுங்க விரலால கிள்ளி நடற நடவு இது. அன்புராஜ் நட்டிருந்தா தூக்கத்துலகூட ஒத்தை நாத்துதான் வெச்சிருப்பான்" என்றார் மணவாளன்.

ஜெயசுதா அந்தக் கட்டை வாங்கித் தானே எண்ணிப் பார்த்தார். இரண்டாவது தரமும் எண்ணினார். நாற்பது வயல் கருகின கலவரத்தில் ரகத்தைப் பார்த்த கண் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

இதற்குள் லில்லி அனுமதி கேட்டுக்கொண்டு நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டாள். எடுத்துக்கொண்டே வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றாள். அந்த வரிக்கு எதிரே, ஓரத்தில் பச்சை மையில் ஒரு சுழித்த கையெழுத்து. இரண்டு நாள் தள்ளித் தேதி.

"இது யாரோடது மேடம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஜெயசுதாவின் முகம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் ஆறு ஊர் நோட்டும் மேஜைக்கு வரும், பொறுப்பாளர் பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். போட்டிருக்கிறார். படிக்கவில்லை.

"படிச்சிருந்தா அன்னைக்கே அந்தப் பாத்தியெல்லாம் கணக்குல சேராதுன்னு தள்ளியிருப்பேன். நாப்பது பேருக்கு விதை போயிருக்காது. அவன் மறைக்கல. எழுதி, என் மேஜைக்கு அனுப்பியிருக்கான்" என்றவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லில்லிக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணவாளன் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். ஜெயசுதா தயங்கினார். அவன் மறைக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் நட்டதே நான்தான் என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறானே. நட்டது வேறு ஆள் என்றால் குழு பெயர் கேட்கும். அந்த 'அ' யார் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், நான் முழுசாக எழுதுகிறேன் என்றார்.

அங்கிருந்து பூரணாங்குப்பம் போகும் வழியெல்லாம் லில்லி 'அ' வரிசையில் ஆள் தேடினாள். பூரணாங்குப்பத்தில் அ என்று ஆரம்பிக்கிறவர்களை எண்ணினால் வாக்காளர் பட்டியலில் பாதி வந்துவிடும். ஆனால் ஒரு பெயர் அவளுக்குச் சட்டென்று பிடித்துப்போனது. குழந்தைவேலின் மகன் அரிகரன். அன்புராஜோடு ஒரே பெஞ்சில் படித்தவன் என்று மணியம்மாள் சொல்லியிருந்தாள். ஒட்டின வயல் அவர்களுடையது, அந்தப் பழைய ரகத்து நாற்றங்காலும் அவர்களுடையது. சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் அன்புராஜ் பழியை ஏற்றுக்கொண்டிருக்கிறான். கேஸ் முடிந்தது சார், வழியில் பஜ்ஜி சாப்பிடலாமா என்றாள். மணவாளன் கண்ணைத் திறக்கவில்லை.

குழந்தைவேல் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நவரைப் பட்டத்துக்கு நாற்றங்கால் சேறு மட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கருகிய நாற்பதில் அவர் வயலும் ஒன்று. அன்புராஜ் பேரைக் கேட்டதும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார். தன் மகன்கூடவே வளர்ந்த பையன் இப்படி வயிற்றில் அடிப்பான் என்று நினைக்கவில்லை, செத்தவனைத் திட்டவும் முடியவில்லை என்று புலம்பினார். லில்லி நைசாக அரிகரனை இழுத்தாள். போன சம்பாவுக்கு முந்தின சம்பாவில், புரட்டாசியில், அரிகரன் வயலில் நடவு செய்தானா?

"யாரு, அரிகரனா? அவன் அப்பவே ஓமனுக்குப் போயி ஆறு மாசம். இங்க இருந்தா மட்டும் இன்னா, சேத்துல எறங்குடான்னா சாக்ஸ் கேப்பான்" என்றார் குழந்தைவேல்.

லில்லியின் பஜ்ஜி அதோடு போயிற்று. மணவாளன் முதல் முறையாக வாயைத் திறந்தார். அப்படியானால் உங்கள் நாற்று வேலிக்கு அந்தப் பக்கம் எப்படிப் போனது என்று கேட்டார்.

"அதுவா? அந்தப் பையன் வேலி சாவிய வூட்ல வெச்சிட்டு ரெண்டு நாள் ட்ரெயினிங்னு பாண்டிக்குப் போயிருந்தான். வயலு சொட்ட சொட்டயா கெடக்குது, புள்ள வேலைக்கி எதுனா ஆயிடப்போவுது, பாக்கவே சகிக்கலன்னு சொல்லி, மிச்ச நாத்துல பத்து முடிக்கட்டு கேட்டு வாங்கினு போச்சி. வீணாத்தான போவுதுன்னு குடுத்தேன்."

"யாரு?"

"மணியம்மாதான். அவங்கம்மா."

சொல்லிவிட்டுக் குழந்தைவேல் மறுபடியும் பலகையை இழுக்க ஆரம்பித்தார். பெரிய விஷயம் எதையோ சொல்லிவிட்டோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. நடவு முடிந்த வயலில் சொட்டை விழுந்தால் மிச்ச நாற்றைச் சொருகுவார்கள். இந்த ஊரில் அதற்கு யாரும் யாரிடமும் கேட்கமாட்டார்கள். குழந்தைச் சட்டையில் பொத்தான் விட்டிருந்தால் தைத்துப்போடுகிற மாதிரி அது.

லில்லி வரப்பிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தாள். நோட்டின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அன்புராஜ் தன்னைப் பற்றி எழுதிய இடத்திலெல்லாம் 'நான்' என்றுதான் எழுதியிருந்தான். நான் தண்ணீர் பாய்ச்சியது. நான் களை எடுத்தது. ஓரங்களில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல், தனக்கு ஞாபகத்துக்காகச் சின்னச் சின்னதாகச் சில வரிகள். அ.வுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரி. அ.வுக்குச் செருப்பு. அ.வுக்கு பி.பி. மாத்திரை, மாதக் கடைசி.

காலையில் இதையெல்லாம் படம் எடுத்தவளே அவள்தான். பச்சை மையைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. போனை மணவாளனிடம் நீட்டினாள். 

மணவாளன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச தூரம் வரப்பில் நடந்துபோய் நின்றார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார். நாற்பது வயல். அந்த நாற்பது வயலிலும் நடவுக்குப் போய்த்தான் மணியம்மாள் சாப்பிடுகிறாள். காரணம் அவள்தான் என்று தெரிந்தால் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் அவளை வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அதைவிட, தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

"ஒரு வேலைதானே போகுதுன்னு நினைச்சிருப்பான். வேற வேலை தேடிக்கலாம்னுதான் நினைச்சிருப்பான், லில்லி. சாகணும்னு போறவன் மருந்துக் கடையில வரிசையில நின்னு அம்மாவுக்கு ஒரு மாச மாத்திரை வாங்க மாட்டான். அவன் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தான்."

டைரியில் குறித்துக்கொண்டது அதற்குத்தான் என்று லில்லிக்கு இப்போது புரிந்தது. வேறு நாளாக இருந்தால் ஏதாவது கிண்டல் செய்திருப்பாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

மணவாளன் ஆய்வு மையத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் லில்லிக்குக் கேட்டது.

"மேடம், அந்த 'அ' யாருன்னு கண்டுபிடிக்க முடியல. நான் தோத்துட்டேன்னு வெச்சுக்குங்க. குத்துக்கு மூணு நாத்து அவன் கை இல்லங்கிறதை நீங்களே எண்ணிப் பார்த்துட்டீங்க. பச்சை மை யாருதுன்னும் உங்களுக்குத் தெரியும். அதை வெச்சு எழுத முடியுமான்னு பாருங்க."

அந்தப் பக்கம் நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. புத்திசாலிப் பெண்மணி. இருபத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்த மனுஷர் இவ்வளவு சுலபத்தில் தோற்கமாட்டார் என்று புரிந்திருக்க வேண்டும். கடைசியில், எழுதுகிறேன் என்றார். நாற்பது வீட்டுக்கும் தானே நேரில் போய், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தான்தான் என்று சொல்வதாகவும் சொன்னார்.  மணவாளன் நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

மணியம்மாள் வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஓர் அறை வீடு. வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள், இவர்களைப் பார்த்ததும் எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உள்ளே சுவரில் அன்புராஜின் படம், மையத்தின் சட்டையோடு எடுத்தது. மாலை நேற்றையது.

உங்கள் பிள்ளை எதையும் திருடவில்லை என்று மணவாளன் சொன்னார். சுற்றி வளைக்காமல், வந்து நின்ற நிலையிலேயே சொன்னார். மையத்தில் நடந்த தவறு மையத்துடையது, கடிதம் இரண்டு நாளில் வரும், பெரிய மேடமே கொண்டுவருவார். அவன் லாரியில் போய் விழவும் இல்லை, உங்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

மணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊரெல்லாம் கேட்கும்படி அழ வேண்டியவள், ஒரு மாதமாகத் திருடனுடைய அம்மாவாக இருந்து அடக்கி அழப் பழகிவிட்டாள். லில்லி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தாள். எலும்பு கையில் பட்டது.

அழுகை ஓய்ந்ததும் மணியம்மாள் கேட்டது அந்த நோட்டைப் பற்றி. அதைக் காட்டித்தானே கேள்வி கேட்டார்கள் என்று மையத்து ஆட்கள் சொன்னார்கள், அவன் எழுத்தை ஒரு தரம் பார்க்கலாமா என்றாள். லில்லி மணவாளனைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். மாத்திரை, செருப்பு, முழங்கால் வலி எழுதிய பக்கங்களை மட்டும் லில்லி ஒவ்வொன்றாகக் காட்டிப் படித்தாள். மணியம்மாள் போனின் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்சம் குறைப்பட்ட மாதிரி கேட்டாள்.

"செருப்பக்கூட எழுதிக் கீறான். நான் ரெண்டு நாளு குனிஞ்ச தல நிமிராம அவன் வயலுக்கு நாத்து சொருவினனே, அத எழுதலியா?"

மணவாளன் சட்டென்று வெளியே போய் ஸ்கூட்டர் பக்கம் நின்றுகொண்டார். லில்லி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கங்களைத் தள்ளி, அந்தப் பக்கத்தை எடுத்தாள். பச்சைக் கையெழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"எழுதியிருக்கார்மா. சொட்டை நிரப்பியது, அம்மான்னு எழுதியிருக்கார்."

மணியம்மாள் முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

"பாரேன். வந்து பாத்துட்டு ரொம்ப நேரம் வரப்புல நின்னினு இருந்தான். நல்லாக்கீதும்மான்னு ஒரு வார்த்த சொல்லல. கைய மட்டும் புடிச்சிப் பாத்தான், சேத்துப்புண்ணு வந்துக்கீதான்னு. வாய் தொறந்து சொல்லாம எழுதி வெச்சிக் கீறான்."

லில்லி அந்த எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மணியம்மாள் அந்த 'அ' மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் வேலிய பூட்டி சாவிய கூடவே வெச்சிக்கினான், நான் அந்தப் பக்கமே போவல. ஏம்மா, நான் சொருவினதுலாம் பொழச்சுதா?"

"பொழச்சுதும்மா" என்றாள் லில்லி. "ஒண்ணு விடாம எல்லாமே பொழச்சுது."